நடக்கும் எலும்புக்கூட்டை அளந்து வரைவது எப்படி: ஆல்பினஸின் நூல்வலையும் வெபர் சகோதரர்களின் 14 நிலைகளும்

இந்த வேலை முடியும்போது உங்களிடம் 14 எலும்புக்கூட்டுப் படங்கள் இருக்கும். எல்லாம் ஒரே அளவு, ஒரே பக்கவாட்டுப் பார்வை. வரிசையாகப் பார்த்தால் ஓர் அடி எடுத்துவைக்கும் நடை முழுதாகத் தெரியும்.

இதற்கு இரண்டு பழைய முறைகளைச் சேர்த்துக்கொள்கிறோம். முதலாவது, நிற்கும் எலும்புக்கூட்டைத் தாளில் இறக்கும் நூல்வலை. லைடன் உடற்கூறியல் பேராசிரியர் பெர்ன்ஹார்ட் ஆல்பினஸும் ஓவியர் யான் வாண்டெலாரும் 1747இல் வெளிவந்த படத்தொகுப்புக்காகக் கையாண்டது. இரண்டாவது, ஓர் அடியை 14 நிலைகளாகப் பிரிக்கும் வழி. ஜெர்மன் ஆய்வாளர்களான சகோதரர்கள் வில்ஹெல்ம் வெபரும் எடுவார்ட் வெபரும் 1836இல் கோட்டிங்கனில் வெளியிட்ட நடை ஆய்விலிருந்து வருவது.

புதிதாக வருபவர்களுக்குக் கை நன்றாகவே வரும். இடறுவது வரிசையில்தான். மண்டையோட்டில் ஆரம்பித்து, விலா எலும்புகளை அழகாக முடித்து, கடைசியில் கால்களை ஒட்டவைப்பார்கள். படங்களை வரிசையாக வைத்தால் பாதம் தரையில் வழுக்கிக்கொண்டு போகும். அதனால் இங்கே எல்லாம் தலைகீழ்: தரை, பாதம், இடுப்பு மூட்டு, முழங்கால், அப்புறம்தான் மற்றவை.

1. முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டியவை

தொங்கவிடக்கூடிய முழு உயர பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று. கீழே சொல்லும் அளவுகள் 170 செ.மீ. உயரத்துக்கானவை. உங்களுடையது வேறு உயரம் என்றால் அதே விகிதத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டு மரச்சட்டங்கள், கறுப்பு, சிவப்பு நூல், தூக்குக்குண்டு, ரசமட்டம், பாகைமானி, கவராயம், ஏ3 தாள், டிரேசிங் பேப்பர், கெட்டி அட்டை, குண்டூசி. கவராயம் குறைந்தது 10 செ.மீ. விரிய வேண்டும், திருகு இறுக்கமாக இருக்க வேண்டும். பாதியில் அது நழுவினால் 14 படங்களும் வீண்.

நடக்கும் ஓர் ஆளின் வீடியோவும் தேவை. பக்கவாட்டில், நொடிக்கு 60 பிரேம் வேகத்தில் எடுங்கள். இதை மேலே வைத்து டிரேஸ் எடுக்கக் கூடாது. உடலின் மேல்தோலில் இடுப்பு மூட்டு தெரியாது. ஊகித்து வைக்கும் புள்ளி படத்துக்குப் படம் நகர்ந்துவிடும். பாதம் எப்போது தொடுகிறது, எப்போது எழுகிறது என்பதற்கு மட்டுமே வீடியோ.

2. எலும்புக்கூட்டை நேராக நிறுத்துதல்

கடையில் வாங்கிய எலும்புக்கூடு நேராக நிற்பதில்லை. முதுகெலும்புக்குள் ஓடும் கம்பி வளைந்திருக்கும், இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்திருக்கும். அப்படியே வரைந்தால் நடையில் தொடை பின்னால் போகவே இடம் இருக்காது.

முதலில் இடுப்பெலும்பைச் சரிசெய்யுங்கள். அதன் முன்பக்க மேல் முனை இரண்டும், கீழே முன்னால் இரு பக்கமும் இணையும் இடமும் ஒரே செங்குத்துத் தளத்தில் வர வேண்டும். ஒரு தட்டையான அட்டையை முன்னால் பிடித்தால் மூன்றும் அதைத் தொட வேண்டும். பலரும் இங்கே சந்தேகப்படுவார்கள், இடுப்பெலும்பு முன்னால் கவிழ்ந்தது போலத் தெரியும். அதுதான் உண்மையான சாய்வு.

அடுத்து, பக்கவாட்டில் தூக்குக்குண்டைத் தொங்கவிடுங்கள். நூல் காதுத் துளையருகே இறங்கி, தோள் மூட்டு, இடுப்பு மூட்டு வழியாகப் போய், முழங்காலின் நடுவுக்குச் சற்று முன்னாலும் கணுக்காலுக்குச் சற்று முன்னாலும் விழ வேண்டும். முதுகெலும்பின் வளைவு இதற்கு இடம் தராவிட்டால் கம்பியைக் கழற்றி வளையுங்கள். ஆல்பினஸ் கயிறுகளால் கட்டி நிறுத்திய எலும்புக்கூட்டின் பக்கத்தில் அதே உடல்வாகுள்ள மெலிந்த ஆளை நிற்கவைத்து ஒப்பிட்டுத்தான் கயிறுகளைத் திருத்தினார். உங்களுக்கும் அந்த ஒப்பீடு உதவும். மெலிந்த நண்பர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

முதுகெலும்பில் சிரமம் எடுத்துக்கொள்வது வீண் இல்லை. வெபர் சகோதரர்கள் அதன் வளைவைக் கண்ணால் நம்பவில்லை. ஜிப்சத்தில் பதித்து, நெடுக்காக அறுத்து, அறுத்த முகத்திலிருந்தே அச்சு எடுத்தார்கள்.

3. இரட்டை வலை

பக்கத்தில் நின்று வரைந்தால் அருகில் உள்ள கால் பெரிதாகவும் தூரத்துக் கால் சிறிதாகவும் தெரியும். இரண்டு பாதங்களுக்கும் இடையே 20 செ.மீ. ஆழ வித்தியாசம் என்றால், 2 மீட்டரிலிருந்து பார்க்கையில் தூரத்துப் பாதம் சுமார் 9 சதவீதம் சுருங்கும். 12 மீட்டரிலிருந்து பார்த்தால் 2 சதவீதத்துக்கும் குறைவு. வாண்டெலாருக்கு 40 ரைன்லாந்து அடி, அதாவது சுமார் 12.5 மீட்டர் தூரம் வைக்கப்பட்டது இதனால்தான். ஆனால் அவ்வளவு தூரத்திலிருந்து எலும்பின் நுணுக்கம் கண்ணுக்குப் படாது. அதற்கான விடைதான் இரண்டாவது வலை.

செய்முறை இது. 180 × 80 செ.மீ. சட்டத்தில் 10 செ.மீ. கட்டங்களாகக் கறுப்பு நூல் கட்டி எலும்புக்கூட்டை ஒட்டி நிறுத்துங்கள். 162 × 72 செ.மீ. சட்டத்தில் 9 செ.மீ. கட்டங்களாகச் சிவப்பு நூல் கட்டி, முதல் வலைக்கு 120 செ.மீ. முன்னால், அதற்கு இணையாக நிறுத்துங்கள். சிவப்புச் சந்திப்பு ஒவ்வொன்றையும் அதற்குரிய கறுப்புச் சந்திப்போடு இணைத்து நீட்டினால், எல்லாக் கோடுகளும் கறுப்பு வலையிலிருந்து 12 மீட்டர் தள்ளி ஒரே புள்ளியில் கூடும்.

நீங்கள் அந்தப் புள்ளிக்குப் போக வேண்டியதில்லை. சிவப்பு வலைக்கு அருகிலேயே நின்று, ஒரு கண்ணை மூடி, தலையை நகர்த்தி, ஒரு சிவப்புச் சந்திப்பைக் கறுப்புச் சந்திப்பின் மேல் பொருத்துங்கள். அதன் பின்னால் தெரியும் எலும்பு எதுவோ, அதுவே 12 மீட்டரிலிருந்து பார்த்தாலும் அங்கே தெரியும். அடுத்த சந்திப்புக்குத் தலையை மறுபடி நகர்த்துங்கள். மூன்று மீட்டர் அறையே போதும்.

இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, இரண்டு சட்டங்களையும் தரையிலேயே வைத்துவிடுவது. அப்படிச் செய்தால் பார்வைப் புள்ளி தரைமட்டத்துக்கு இறங்கிவிடும், பாதங்கள் விளிம்பாகத் தெரியும். சின்னச் சட்டத்தைச் சுமார் 9 செ.மீ. தூக்கி, இரண்டு சட்டங்களின் நடுக்கோடும் 90 செ.மீ. உயரத்தில், இடுப்பு மூட்டு மட்டத்தில் வருமாறு வையுங்கள். இன்னொன்று, ஒரு சந்திப்பைப் பொருத்தியபின் தலையை அசைக்காமல் பக்கத்துக் கட்டங்களையும் வரைந்துகொண்டே போவது. அப்போது அது 12 மீட்டர் பார்வை இல்லை, பக்கத்துப் பார்வைதான்.

4. நிற்கும் படம், 1:5 அளவில்

10 செ.மீ. கட்டம் தாளில் 2 செ.மீ. ஆகும். முழு உருவம் 34 செ.மீ., ஏ3 தாளில் நிற்கும்.

முதலில் வெறும் புள்ளிகள்: இடுப்பு மூட்டு, முழங்கால், கணுக்கால், குதிகாலின் பின்முனை, பெருவிரல் மேடு, விரல் நுனி, தோள், முழங்கை, மணிக்கட்டு, காதுத் துளை. இடுப்பு மூட்டின் புள்ளி தொடை எலும்பின் உருண்டைத் தலையின் மையம். வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் மேடு அல்ல. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் இருப்பதால் குழம்புவது சுலபம்.

புள்ளிகளை வைத்ததும் இடைவெளிகளை எலும்பிலும் நேராக அளந்து சரிபாருங்கள். 170 செ.மீ. ஆளுக்கு இடுப்பு மூட்டிலிருந்து முழங்கால் சுமார் 41.5 செ.மீ., முழங்காலிலிருந்து கணுக்காலும் ஏறத்தாழ அதேதான், கணுக்காலிலிருந்து தரை 6.5 செ.மீ. தாளில் 8.3, 8.3, 1.3 செ.மீ. ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் வலை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம், தாளைத் திருத்தாமல் வலையைத் திருத்துங்கள்.

இந்தப் படம் சரியாக முடியும்வரை நடையைத் தொடாதீர்கள். இதில் உள்ள பிழை 14 முறை பெருகும்.

5. அட்டைத் துண்டுகள்

நிற்கும் படத்திலிருந்து டிரேஸ் எடுத்து அட்டையில் ஒட்டி வெட்டுங்கள்: இடுப்பெலும்பும் முதுகும் தலையும் ஒரு துண்டு, தொடை, கீழ்க்கால், பாதம், மேல்கை, முன்கை. கால், கைத் துண்டுகள் இரண்டிரண்டு. பாதத்தைப் பெருவிரல் மேட்டில் மறுபடி வெட்டி ஊசியால் இணையுங்கள். குதிகால் எழும்போது விரல்கள் தரையிலேயே கிடக்க வேண்டும், முழுப் பாதமும் பலகையாக நின்றால் உருவம் விரல் நுனியில் ஏறிவிடும்.

முழங்காலில் ஊசி எங்கே குத்துவது என்பதில் கவனம். அது கதவுக் கீல் போல ஒரே அச்சில் சுழல்வதில்லை, தொடை எலும்பின் முனை கீழெலும்பின் மேல் உருண்டு சறுக்குகிறது. ஊசியை எலும்பின் கீழ் விளிம்பில் குத்தினால் மடக்கும்போது மூட்டு பிளந்துகொள்ளும். தொடை எலும்பின் கீழ்முனை, பின்பக்கம் உருண்டையாக இருக்கும். அந்த உருண்டையின் நடுவில் குத்துங்கள். இந்த அளவில் அது போதுமான துல்லியம். நான்காம் படியில் வைத்த முழங்கால் புள்ளியும் அதுவாகவே இருக்கட்டும்.

முழங்கால் சில்லைத் தொடைத் துண்டோடு ஒட்டாதீர்கள். அதைக் கீழெலும்போடு கட்டிவைத்திருக்கும் தசைநாண் நீளாது. எனவே எவ்வளவு மடக்கினாலும் கீழெலும்பின் முன்மேட்டிலிருந்து சில்லு இருக்கும் தூரம் மாறாது. ஒவ்வொரு நிலையிலும் அந்தத் தூரத்தை அளந்து சில்லைத் தனியாக வரையுங்கள்.

6. 14 நிலைகளைப் பிரித்தல்

வெபர் வரிசையில் 4 முதல் 7 வரை இரண்டு பாதமும் தரையில் இருக்கும். 8 முதல் 11 வரை பின்கால் எழுந்துவிட்டது, ஆனால் ஊன்றிய காலுக்குப் பின்னால்தான் இருக்கிறது. 12 முதல் 14 வரை அது ஊன்றிய காலைக் கடக்கிறது. 1 முதல் 3 வரை அதற்கு முன்னால் வீசப்படுகிறது. 3க்கு அடுத்து மறுபடி 4, ஆனால் கால்கள் இடம் மாறியிருக்கும்.

வரைய ஆரம்பிக்க வேண்டியது 1 அல்ல, 4. இரண்டு பாதமும் தரையில் இருக்கும்போதுதான் உருவத்துக்கு இரண்டு பிடிமானம் கிடைக்கிறது. அந்தரத்தில் இருக்கும் காலில் ஆரம்பித்தால் எல்லாமே ஊகம்.

இரண்டு பாதமும் தரையில் இருக்கும் நேரத்துக்கு 14இல் 4 என்பது நிதான நடைக்குப் பொருந்தும். வேகம் கூடினால் அந்தப் பங்கு குறையும். ஆகவே வீடியோவிலும் நிதானமாக நடக்கச் சொல்லுங்கள்: ஓர் அடி 60 செ.மீ., 0.7 நொடி. 60 பிரேம் வீடியோவில் மூன்று பிரேமுக்கு ஒன்று எடுத்தால் சரியாக 14 நிலை வரும்.

7. தரை, பாதம்: இங்கே அவசரம் கூடாது

நீளமான டிரேசிங் பேப்பரில் தரைக்கோடு போடுங்கள். அதில் 12 செ.மீ. இடைவெளியில் பாதத் தடங்களைக் குறியுங்கள். 60 செ.மீ. அடி 1:5இல் 12 செ.மீ. இந்தத் தடங்கள் 14 படங்களுக்கும் பொது. ஊன்றிய பாதம் தன் தடத்தை விட்டு அரை மி.மீ. கூட நகரக் கூடாது.

முன்காலின் பாதம் 4இல் குதிகாலால் தொடுகிறது, விரல்கள் சுமார் 20 பாகை மேலே. 7க்குள் பாதம் முழுதாகப் படிந்துவிடும். 13 வரை தட்டையாகவே கிடக்கும். 14இலிருந்து குதிகால் மெல்ல எழத் தொடங்கும்.

பின்காலின் பாதம் 4இலேயே குதிகால் எழுந்த நிலையில்தான் இருக்கும். தட்டையாக வைப்பது மிகப் பரவலான தவறு. பெருவிரல் மேட்டை ஊசியால் தடத்தில் அசையாமல் குத்திவிட்டு, 4 முதல் 7 வரை பாதத்தை அதைச் சுற்றிச் சுழற்றுங்கள். 7இல் விரல் நுனி மட்டும் தரையில்.

தொடுகிற, எழுகிற பாதங்களின் கோணத்துக்கு மட்டும் வீடியோவைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். பாதங்களை 14 நிலைக்கும் முடித்தபின்பே மேலே போக வேண்டும்.

8. இடுப்பு மூட்டின் பாதை

இடுப்பு நேர்கோட்டில் போவதில்லை. இரண்டு பாதமும் தரையில் இருக்கும்போது தாழ்ந்தும், ஒற்றைக்காலில் நிற்கும்போது உயர்ந்தும் அலையாகப் போகிறது. நம் அளவில் மிகத் தாழ்ந்த இடம் தரையிலிருந்து 17.1 செ.மீ., 5க்கும் 6க்கும் இடையே. மிக உயர்ந்த இடம் 17.8 செ.மீ., 12க்கும் 13க்கும் இடையே. நிற்கும் உயரமான 17.9 செ.மீ.யை அது தொடுவதில்லை, ஏனென்றால் ஊன்றிய முழங்கால் நடையில் முழுதாக நிமிர்வது அபூர்வம்.

12ஆம் நிலையில் இடுப்பு மூட்டை ஊன்றிய கணுக்காலுக்கு நேர் மேலே வையுங்கள். அங்கிருந்து முன்னும் பின்னும் நிலைக்கு 8.6 மி.மீ. வீதம் நகர்த்துங்கள். 14 நகர்வில் ஓர் அடி முடிந்துவிடும். புள்ளிகளை வழவழப்பான ஒரே வளைவால் இணைத்துப் பாருங்கள், உடைசல் தெரிந்தால் அங்கே ஒரு புள்ளி தவறு.

9. முழங்கால்: கவராயம் சொல்வதைக் கேளுங்கள்

ஊன்றிய காலுக்கு இனி ஊகமே தேவையில்லை. இடுப்பிலிருந்து 8.3 செ.மீ. வில் ஒன்று, கணுக்காலிலிருந்து 8.3 செ.மீ. வில் இன்னொன்று. இரண்டும் வெட்டும் புள்ளிகளில் முன்னால் இருப்பது முழங்கால். விற்கள் சந்திக்கவே இல்லையா? இடுப்பு அதிக உயரத்தில் இருக்கிறது, அல்லது அடி நீளம். பாதத்தை நகர்த்தாதீர்கள், எட்டாம் படிக்குத் திரும்புங்கள்.

சரிபார்க்க இரண்டு அடையாளங்கள்: குதிகால் தொடும்போது முழங்கால் கிட்டத்தட்ட நேர், பாதம் படியும்போது சுமார் 15 பாகை மடிப்பு. அந்தச் சின்ன மடிப்பைப் பலர் விட்டுவிடுவார்கள், உருவம் பொய்க்கால் கட்டியது போல இருக்கும்.

வீசும் காலுக்குக் கணுக்கால் எங்கே என்பதுதான் கேள்வி. வெபர் சகோதரர்கள் அந்தக் கால் ஊசல் போலத் தானாக ஆடி வருவதாகக் கொண்டார்கள். அந்தக் கணக்கில் நிலைகளைப் பங்கிடாதீர்கள். இடுப்பை மடக்கும் தசைகள் செயலிழந்தவர்களுக்குக் கால் அப்படி வீசி வருவதில்லை என்று பிரெஞ்சு மருத்துவர் டூஷென் காட்டினார். பின்னர் லைப்சிக்கில் ஆய்வாளர்கள் பிரவுனேயும் ஃபிஷரும் இருட்டறையில் ஒரு படைவீரனின் உடலில் ஒளிரும் குழாய்களைக் கட்டிப் படம்பிடித்து, அந்தப் படங்களை அளந்து கணக்கிட்டபோதும் தசைகளின் பங்கு உறுதியானது.

கையாள வேண்டிய குறிகள் இவை. 8, 9இல் குதிகால் பின்னால் நன்றாக மேலே போகும். 10, 11இல் முழங்கால் மடிப்பு உச்சம், ஏறக்குறைய 60 பாகை. 12, 13இல் விரல் நுனி தரையை உரசிவிடும் போலத் தாழ்ந்து வரும், நிஜத்தில் ஒன்று இரண்டு செ.மீ. இடைவெளிதான், தாளில் 2 முதல் 4 மி.மீ. 1 முதல் 3 வரை முழங்கால் நிமிர்ந்து, விரல் மேலே, குதிகால் கீழே. விரல் நுனியை வைத்துக் கணக்கிட்டால் கணுக்கால் கிடைக்கும், கணுக்கால் கிடைத்தால் கவராயம் முழங்காலைத் தரும்.

புதியவர்கள் இந்தக் காலை மிக உயரமாகத் தூக்கிவிடுவார்கள், அணிவகுப்பு போல ஆகிவிடும். சந்தேகம் வந்தால் தாழ்த்துங்கள்.

10. உடலும் கைகளும்

உடல் துண்டை இடுப்புப் புள்ளியில் குத்தினால் பெரும்பாலான வேலை முடிந்தது. முன்சாய்வு மிகச் சிறிதாக இருக்கட்டும். கைகள் எதிர்க்கால்களோடு: வலது கால் முன்னால் என்றால் இடது கை முன்னால். 12இல் இரண்டு கைகளும் உடலை ஒட்டி.

ஒவ்வோர் அடியிலும் இடுப்பெலும்பின் முன்கால் பக்கம் முன்னால் வருமாறு அது சில பாகை திரும்புகிறது, தோள்கள் அதற்கு எதிராக. பக்கவாட்டுப் படத்தில் இது தூரத்து இடுப்பு மூட்டு 3, 4 மி.மீ. விலகித் தெரிவதாக வரும். முதல் தொகுப்பில் இரண்டு மூட்டுகளையும் ஒரே புள்ளியில் வைத்துக்கொள்ளலாம், தவறில்லை.

11. எலும்புகளை வரைதல்

ஒவ்வொரு நிலைக்கும் துண்டுகளைப் பொருத்தி, மேலே டிரேசிங் பேப்பர் வைத்து வெளிக்கோடு எடுங்கள். அருகில் உள்ள காலை முதலில் முடியுங்கள், தூரத்துக் காலுக்குக் கோடு மெல்லியதாக, நிழல் சற்று அடர்த்தியாக. இந்த வேறுபாட்டை 14 படங்களிலும் மாற்றாதீர்கள். 12இல் இரண்டு கால்களும் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது பார்ப்பவர் வழி தவறாமல் இருக்க இதுதான் துணை.

பெயர்களையும் எண்களையும் நிழலிட்ட படத்தின் மேல் எழுதாதீர்கள். ஆல்பினஸ் தன் முழுவுருவப் படங்களுக்கு நிழலில்லாத கோட்டுப் படம் ஒன்றைத் துணையாக வைத்து, குறியெழுத்துகளை அதில் மட்டும் போட்டார். அதே வழியைப் பின்பற்றுங்கள்.

12. சுழற்றிப் பார்த்தல்

14 வெளிக்கோடுகளையும் ஒரே தரைக்கோட்டில் வைத்துப் போனில் படம் பிடித்து, வரிசையாக ஓட்டுங்கள். முதல் சுற்றில் ஊன்றிய பாதத்தை மட்டும் பாருங்கள், அது அசையக் கூடாது. இரண்டாவது சுற்றில் காதுத் துளை, அது இடுப்பு போலவே அலையாக ஏறி இறங்க வேண்டும். மூன்றாவதில் 3லிருந்து 4க்குப் போகும் இடம்: வீசும் காலின் குதிகால் அடுத்த தடத்தில் சரியாக இறங்க வேண்டும், குதித்து விழக் கூடாது. அங்கே தாவல் தெரிந்தால் 3ஐத் திருத்துங்கள். 4 இரண்டு பாதங்களில் நிற்கிறது, அதைத் தொட வேண்டாம்.